நெருப்பு வைக்காத ஒரு மா

வீரமலை கரும்புக் கொல்லைக்கு நெருப்பு வைப்பதைப் பார்க்கவென்றே ஆட்கள் வரப்பில் வந்து நிற்பார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து முக்கொம்புக்குப் போகும் வழியில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழையும் கரும்புமாகக் கிடந்த மேலத்திட்டில் அவருக்கு அப்படி ஒரு பேர். கரும்பு வெட்டி முடிந்ததும் தரை தெரியாமல் முழங்கால் உயரத்துக்குச் சோகை கிடக்கும். கரும்பிலிருந்து உரித்துப் போட்ட காய்ந்த இலைதான் சோகை. அதை எரித்துவிட்டு, வெட்டின அடிக்கட்டையைச் சீவி, தண்ணீர் கட்டினால் பழைய வேரிலிருந்தே கரும்பு மறுபடியும் தழையும். மறுதாம்பு என்பார்கள்.

எரிப்பது எல்லாருக்கும் கைவரும் வேலை அல்ல. வீரமலை ஒரு பிடி புழுதியை அள்ளி மேலே தூவுவார். அது சாய்கிற திக்கைப் பார்த்துவிட்டு, காற்று போய்ச் சேருகிற கோடியில் முதல் தீயை வைப்பார். தீ காற்றை எதிர்த்துத் தவழ்ந்து தவழ்ந்துதான் வரும். வரப்பைத் தாண்டாது. பக்கத்து வாழையில் ஓர் இலை கருகாது. ஒரு நாழிகையில் கொல்லை முழுவதும் சுத்தமாக, கறுப்பாக, பார்க்கவே லட்சணமாக இருக்கும். "வீரமலை எரிச்சா வாசல் பெருக்கின மாதிரி இருக்கும்" என்று ஊரில் சொல்லுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

அவருடைய சொந்த நிலம் மூன்று மா. ஏறக்குறைய ஓர் ஏக்கர். தகப்பனார் விட்டுப்போனதிலிருந்து பதினெட்டு வருஷமாக அதில் கரும்புதான், வருஷம் தவறாமல் நெருப்புதான். ஆரம்பத்தில் கரும்பு கைப்பிடிக்கு அடங்காது. பிறகு வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே வந்தது. மண்ணும் மாறிப்போயிற்று. ஈரமாயிருக்கும்போது களியாக ஒட்டும்; காய்ந்தால் மண்வெட்டி டங்கென்று தெறிக்கும். மேட்டூரில் அணை கட்டின பிறகு காவிரியில் வண்டல் வருவது குறைந்துவிட்டது, அதனால்தான் இந்தக் கதி என்று ஊரில் பெரியவர்கள் சொன்னார்கள். வீரமலையும் அப்படித்தான் நம்பினார். அணையைத் தூக்கி அப்பால் வைக்க முடியுமா?

1957-ஆம் வருஷம், மாசி மாதம். மூன்று மாவும் வெட்டி முடிந்து சோகை மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. மறுநாள் எரிப்பதென்று வீரமலை முடிவு செய்திருந்தார். அன்று காலை சகாயம்மாள் வரப்பில் நடந்து வந்தாள்.

நிலத்தின் மேற்குக் கோடியை ஒட்டினாற்போல அவர்களுடைய ஓட்டு வீடு. அவள் புருஷன் தைரியராஜ் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். விடிவதற்குள் சைக்கிளை மிதித்தால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவார். எடமலைப்பட்டி புதூரில் கட்டிக்கொடுத்திருந்த அவர்கள் மகள் அமலராணி பிரசவத்துக்கு வந்திருந்தாள். இது மூன்றாவது. முதல் பிள்ளை ஏழாம் மாதமே தவறிப்போயிற்று. இரண்டாவது ஒன்பது நாள்தான் இருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் சகாயம்மாள்.

"சொல்லு."

"எங்க ராணிக்கு நாள் நெருங்கிருச்சு. அதுக்கு இழுப்பு வேற இருக்கு. முந்தாநாள் மூக்கன் அண்ணன் கொல்லையை எரிச்சாங்க இல்ல, அந்தப் பொகைக்கே புள்ள சுவத்துல சாஞ்சுக்கிட்டு மூச்சுக்குத் தவிச்சுப் போச்சு. நீங்க எங்க வீட்டுப் பக்கத்துத் துண்டை மட்டும் புள்ள பொறந்தப்புறம் எரிச்சுக்கலாமாண்ணே?"

வீரமலைக்குச் சுருக்கென்றது. வாய்க்காலில் தண்ணீர் இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஓடினால் அதிகம். அதற்குள் எரித்து, சீவி, இரண்டு தண்ணீராவது கட்டியாக வேண்டும். பிள்ளை எப்போது பிறக்கும் என்று பஞ்சாங்கத்திலா போட்டிருக்கிறது?

"பொகை ஆகலைன்னா நாலு நாளைக்கு அதோட மாமியார் வீட்டுக்கே அனுப்பிவையேன்" என்றார். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு கடுமையாக விழுந்தது என்று தெரிந்தது. சகாயம்மாள் "சரிங்கண்ணே" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

சற்றுத் தள்ளி, மாட்டுக்குக் கரும்புத் தோகை அரிந்துகொண்டிருந்த பவுனம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீரமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷத்தில் கொல்லை விஷயத்தில் அவள் வாய் திறந்ததில்லை. அன்று எழுந்து வந்தாள்.

"கீழண்டை ரெண்டு மா எரிங்க. மேலண்டை ஒரு மா கெடக்கட்டும்."

"உனக்கு என்ன தெரியும்? எரிக்காத கொல்லையில கட்டை எப்படித் துளுக்கும்?"

"எனக்குக் காத்து தெரியாது, கட்டை தெரியாது. வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு மூச்சு முட்டினா எப்படி இருக்கும்னு தெரியும்" என்றாள் பவுனம்மாள். அவர் வரப்பில் வைத்திருந்த வத்திப்பெட்டியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "ரெண்டு மாவுக்குன்னா தரேன்."

அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்? ஆள் விட்டு இரண்டு மாவுக்கும் மற்ற ஒரு மாவுக்கும் நடுவே நான்கு முழ அகலத்துக்குச் சோகையை வாரி ஒதுக்கினார். கொள்ளிடத்துப் பக்கமாகக் காற்று திரும்பும்வரை இரண்டு நாள் காத்திருந்து எரித்தார். மேலண்டை ஒரு மா அப்படியே கிடந்தது. தன் கொல்லையில் ஒரு பக்கம் மட்டும் குப்பை மேடாகக் கிடப்பதை அவரால் பார்க்கச் சகிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அமலராணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. அற்புதசாமி என்று பெயர் வைத்தார்கள். பவுனம்மாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லா வீல்னு கத்துறான்" என்றாள் சந்தோஷமாக. வீரமலை "ம்" என்றார். அவர் கண் மேலண்டை மாவில் இருந்தது. சோகையைத் துளைத்துக்கொண்டு அங்குமிங்கும் துளிர் எட்டிப் பார்த்தது. இனி நெருப்பு வைத்தால் துளிரும் சேர்ந்து வெந்துபோகும்.

வேறு வழியில்லாமல் இருவரும் இறங்கிக் கட்டைகளை மூடிக் கிடந்த சோகையைக் கையால் விலக்கி, வரிசைக்கு நடுவே இருந்த பள்ளத்தில் தள்ளினார்கள். ஐந்து நாள் வேலை. சோகையின் ஓரம் பிளேடு மாதிரி. முழங்கைவரை கீறிக் கீறிக் குளிக்கும்போது எரிந்தது. பவுனம்மாள் ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. சொன்னால் தன் தலையில்தான் விடியும் என்று அவளுக்குத் தெரியும்.

அத்தோடு போகவில்லை. பங்குனி பாதியில், எரித்த இரண்டு மாவில் கரும்பு கரும்பச்சையாகக் கிளம்பி நின்றது. மேலண்டையில் பயிர் மஞ்சள் பூத்து, குட்டையாக, நோயாளி மாதிரி நின்றது. கிழக்குப் பக்கத்துக் கொல்லைக்காரரான மூக்கன் ஒரு நாள் வரப்பில் நின்று, "என்ன மச்சான், மேலண்டைக்குக் காமாலை வந்திருக்கு? மந்திரிச்சுக் கயிறு கட்டலையா?" என்று சிரித்தார். கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். வீரமலை வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். சகாயம்மாள் வீட்டு வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். தன் பிழைப்பில் மண் விழுந்ததற்கு அந்த வீடுதான் காரணம் என்று அவர் மனசு பொருமியது.

அந்தச் சமயத்தில்தான் ரசூல் வந்தான். மேலத்திட்டுக்குப் புதிதாக வந்திருந்த கிராம சேவக்; விவசாயிகளுக்கு யோசனை சொல்ல சர்க்கார் அனுப்பிய ஆள். இருபத்தைந்து வயது, காக்கிப் பை, எந்நேரமும் செயின் கழலும் ஒரு சைக்கிள். ஊர்க்காரர்கள் அவனை மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, அவன் சொன்ன எதையும் செய்யாமல் இருந்தார்கள். அன்று செயின் கழன்று கொல்லையருகே இறங்கியவன், மேலண்டை மாவைப் பார்த்துச் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு உள்ளே வந்தான்.

"அண்ணே, இதை ஏன் எரிக்காம விட்டீங்க?"

இவனும் கேலி பண்ண வந்துவிட்டான் என்று நினைத்து வீரமலை அவனை முறைத்தார். பவுனம்மாள்தான் நடந்ததைச் சொன்னாள்.

ரசூல் குந்தி உட்கார்ந்து சோகையை விலக்கிப் பார்த்தான். அடியில் இருந்தது கறுத்து, நைந்து, வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தது. அவன் முகத்தில் பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட மாதிரி ஒரு பிரகாசம்.

"இதைப் பயிற்சியில புஸ்தகத்துல படிச்சிருக்கேண்ணே. கண்ணால பார்க்கிறது இதான் முதல் தடவை. சோகை மக்குறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி லட்சக்கணக்குல வேலை செய்யும். அதுக்கும் தழைச்சத்து வேணும். மண்ணுல இருக்கிறதை அது எடுத்துக்குது. அதான் பயிர் மஞ்சளாயிருக்கு. மக்கி முடிஞ்சா வாங்கினதை வட்டியோட திருப்பிக் குடுத்துரும்."

"குடுக்குமா?"

ரசூல் சற்றுத் தயங்கினான். "புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றான். பிறகு, "அதுவரைக்கும் கொஞ்சம் புண்ணாக்கைக் கரைச்சு ஊத்துங்க. பயிர் தாக்குப்பிடிக்கும்" என்றான்.

தெரியாததைத் தெரிந்தாற்போலப் பேசாத அந்தத் தயக்கம்தான் வீரமலைக்குப் பிடித்தது. மறுநாள் பவுனம்மாள் மாட்டுக்கென்று வைத்திருந்த கடலைப் புண்ணாக்கை இடித்து, தொட்டியில் ஊறவைத்து, குடம் குடமாக மேலண்டைக்குச் சுமந்தாள். மாடு பதினைந்து நாள் வெறும் வைக்கோலைத் தின்றது. அவள் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்து ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்ததை வீரமலை பார்த்தார்.

சித்திரை பிறந்தது. வாய்க்கால் வறண்டு, அதில் ஆட்கள் குறுக்கே நடந்து போனார்கள். இனிக் கொல்லையில் இருந்த கிணற்று ஏற்றம்தான் கதி. காலையிலும் மாலையிலும் இறைத்தும் எரித்த இரண்டு மாவுக்குப் போதவில்லை. தண்ணீர் கட்டின நாலாம் நாள் தரை வெள்ளையாக வெளுத்து, கால்விரல் நுழைகிற அளவு வெடித்தது. அத்தனை செழிப்பாகக் கிளம்பிய கரும்பின் தோகை நடுப்பகலில் சுருண்டுகொண்டது. இந்த இரண்டு மாவைக் காப்பாற்றுகிற மும்முரத்தில் மேலண்டைப் பக்கம் அவர் போகவே இல்லை. அது போனது போனதுதான் என்று தண்ணீர்கூட விடவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து மடையைத் திருப்பப் போனவர் மேலண்டை வரப்பில் நின்றுவிட்டார். அங்கே தோகை சுருளவில்லை. மஞ்சள் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இளம்பச்சையாக, நிமிர்ந்து, வெயிலில் அசைந்துகொண்டிருந்தது. நம்பாமல் உள்ளே இறங்கினார். பள்ளத்தில் கிடந்த சோகையை விலக்கிக் கையை உள்ளே விட்டார். அந்த அக்கினி வெயிலில் உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மண்ணைப் பிடித்தார், அது கையோடு வந்தது. புட்டு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குள் மண்புழு நெளிந்தது. ஒன்றல்ல, மூன்று. தன் கொல்லையில் மண்புழுவைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கு ஞாபகமே வரவில்லை.

வெடித்துக் கிடந்த கீழண்டைக்குப் போய் அங்கேயும் தோண்டிப் பார்த்தார். விரல் நகம்தான் பெயர்ந்தது. இரண்டும் ஒரே நிலம். ஒரே வாய்க்கால். மேட்டூர் அணை இரண்டுக்கும் பொது. மாசியில் வைத்த ஒரு நெருப்பு மட்டும்தான் வித்தியாசம்.

"பவுனு! இங்க வா!" என்று அவர் போட்ட சத்தத்தில், பாம்புதான் தீண்டிவிட்டது என்று பயந்து பவுனம்மாள் ஓடிவந்தாள். அவர் உள்ளங்கையில் மண்ணை வைத்து நீட்டினார். அவள் தொட்டுப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். "மழை பேஞ்ச வாசனை வருதுங்க" என்றாள். பதினெட்டு வருஷமாகத் தன் கையாலேயே எதைக் கொளுத்திக்கொண்டிருந்தோம் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தையும் மிஞ்சி, இன்றைக்காவது தெரிந்ததே என்று ஒரு நிம்மதி.

அன்று சாயங்காலம் அவர் சகாயம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளேயிருந்து அமலராணி குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அது அவர் மீசையைப் பிடித்து இழுத்தது.

"அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன், சகாயம்" என்றார்.

"எந்த வார்த்தைண்ணே? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே" என்றாள் சகாயம்மாள். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது என்பது அவர்கள் இருவருக்குமே தெரியும். "காப்பி போடுறேன், உக்காருங்க."

அந்த வருஷம் வெல்லம் காய்ச்சியபோது எரித்த இரண்டு மாவும் சேர்ந்து பதினோரு கொப்பரைப் பாகு கொடுத்தன. மேலண்டை ஒரு மா மட்டும் ஏழு கொப்பரை. மூக்கன் வந்து பார்த்துவிட்டு, "கிணத்துத் தண்ணி அந்தப் பக்கமா ஊறுது மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீரமலை வாதாடவில்லை. அடுத்த மாசியில் மூன்று மாவுக்கும் நெருப்பு வைக்கவில்லை. ஊரில் மற்றவர்கள் எரிக்கக் கூப்பிட்டபோதும் போகவில்லை. "கை வரலை" என்று மட்டும் சொன்னார்.

லேசான காரியமாக இருந்தது என்று சொல்ல முடியாது. சோகைக்குள் எலி குடியேறியது. ஒரு மூலையில் கரையான் வந்தது. ஆட்கள் கையைக் கீறுகிறது என்று வேலைக்கு வர மறுத்தார்கள். இரண்டாம் வருஷமும் பயிர் முதலில் மஞ்சளாகத்தான் கிளம்பியது. ஒவ்வொன்றுக்கும் ரசூல் செயின் கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். தெரிந்ததைச் சொன்னான், தெரியாததை எழுதிக்கொண்டு போய் யாரையாவது கேட்டுவந்தான்.

ஒரு முறை அவன் வீரமலை கொல்லையிலிருந்து ஒரு பொட்டலம், எரிக்கும் கொல்லை ஒன்றிலிருந்து ஒரு பொட்டலம் என்று மண் கட்டி, சீட்டு எழுதிக் கோயம்புத்தூரில் மண்ணைப் பரிசோதிக்கிற இடத்துக்கு அனுப்பினான். ஐந்து மாதம் கழித்துக் காகிதம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரசூல் கிணற்று மேட்டில் உட்கார்ந்தான்.

"சாம்பல்சத்து ரெண்டு மண்ணுலயும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. எரிச்சாலும் அது சாம்பல்ல தங்கிரும். மணிச்சத்தும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா அந்தச் சாம்பலும் வரப்புக்குள்ள நின்னாத்தான் உண்டு. ஆடிக்காத்து அடிச்சா யார் கொல்லைக்குப் போகுதோ."

"தழைச்சத்து?"

"அதாண்ணே விஷயம். அது நெருப்புல நிக்காது. பொகையோட ஆகாசத்துக்குப் போயிரும். எரிக்கிற மண்ணுல குறைச்சல்னு போட்டிருக்கான். உங்களுதுல நடுத்தரம். மக்கு இருக்கே, மண்ணைப் பொலபொலன்னு வெச்சிருக்குமே, அதுவும் உங்களுதுலதான் ஜாஸ்தி."

"நடுத்தரம்தானா?" என்றார் வீரமலை, சற்று ஏமாற்றமாக.

ரசூல் சிரித்துவிட்டான். "பதினெட்டு வருஷம் எரிச்சதை மூணு வருஷத்துல சம்பாதிக்க முடியுமாண்ணே? நடுத்தரம் வந்ததே பெரிசு." வீரமலையும் சிரித்தார். எரித்தபோதெல்லாம் முதலில் பயிர் கரும்பச்சையாகக் கிளம்பியதற்குக் காரணமும் அன்றுதான் அவருக்கு விளங்கியது. சாம்பல் கொடுத்த தெம்பு அது. நாலு மாதத்துக்கு மேல் நிற்காத தெம்பு.

1960-இல் பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீரமலையும் பவுனம்மாளும் விடியற்காலையிலேயே ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வெட்டி முடிந்து ஒரு வாரமே ஆன கொல்லையில் மூன்று மா நிறையச் சோகை. அன்று கிழக்கே மூக்கன் தன் கொல்லைக்குத் தானே நெருப்பு வைத்தார். வீரமலை வருவதில்லை என்று ஆன பிறகு அவருக்கு அதுதான் வழக்கம். காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது என்பதைப் பார்க்காமல், கிழக்குக் கோடியிலேயே வைத்துவிட்டார். தீ காற்றோடு சேர்ந்து ஓடியது. வரப்பை ஒரே தாவாகத் தாண்டி வீரமலை கொல்லைக்குள் விழுந்தது.

பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து ஆட்கள் அந்தப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தைரியராஜ் முன்னால், பின்னால் சகாயம்மாளும், மகனோடு தாய்வீட்டுக்கு வந்திருந்த அமலராணியும், இன்னும் ஐந்தாறு குடும்பங்களும். எல்லாரும் வெளுத்த உடுப்பில் இருந்தார்கள். புகையைப் பார்த்ததும் தைரியராஜ் பின்னால் வந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்: "வீரமலையண்ணன் கொல்லைடா! அண்ணன் ஊர்ல இல்லை!"

ஒருத்தர்கூட உடுப்பைப் பார்க்கவில்லை. தைரியராஜ் பக்கத்து வாழையிலிருந்து பச்சை மட்டையை ஒடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். ஆண்கள் மட்டையால் தீயை அறைந்தார்கள். இரண்டு பேர் முன்னால் ஓடிப்போய்த் தீ வருவதற்குள் சோகையை வாரி ஒதுக்கி இடைவெளி விட்டார்கள். பெண்கள் ஏற்றத்தை மிதித்துத் தண்ணீர் இறைத்துக் குடத்தில் ஓடினார்கள். சகாயம்மாள் மகளை மட்டும் கிட்டே வரவிடாமல், குழந்தையோடு வாய்க்காலுக்கு அப்பால் துரத்திவிட்டாள். மூக்கன் தலையில் அடித்துக்கொண்டே அவரும் மட்டையோடு நின்று அறைந்தார்.

பஸ் இறங்கி வந்த வீரமலையும் பவுனம்மாளும் கண்டது இதுதான். கீழண்டைக் கோடியில் கால் மா அளவு கருகிக் கிடந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் வேட்டியிலும் சேலையிலும் கரி அப்பியிருந்தது. தைரியராஜின் சட்டைக் கை பொசுங்கி, முழங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது.

பவுனம்மாள் கையிலிருந்த பிரசாதத் தொன்னையோடு நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். வீரமலை தைரியராஜ் அருகில் போய் உட்கார்ந்தார். "நான் இந்த ஊர்லயே இல்ல. ஒரு குரல் குடுத்து உங்களைக் கூப்பிடக்கூட இல்ல" என்றார்.

"கூப்பிடணுமாண்ணே?" என்றார் தைரியராஜ். "எங்க வீட்டுல ஒரு புள்ள ஓடியாடித் திரியுதே. அன்னைக்கு வத்திப்பெட்டியை எடுத்து வெச்சிக்கிட்டாங்களே அண்ணி, அவங்களை யாராவது கூப்பிட்டாங்களா?" பிறகு கையைப் பார்த்துக்கொண்டு, "பட்டறையில தினம் கொல்லன் உலை பக்கத்துலதான் நிக்கிறேன். இதெல்லாம் எறும்பு கடிச்ச மாதிரி" என்று சிரித்தார். பவுனம்மாள் ஓடிப்போய்ச் சோற்றுக்கற்றாழை ஒடித்துவந்து, தோல் சீவி, அவர் முழங்கையில் தடவினாள். தொன்னையில் இருந்த சர்க்கரைப் பொங்கலை ஆளுக்கு ஒரு விரல் அளவு எல்லாருக்கும் கொடுத்தாள். கரி அப்பின கையோடு அவர்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மூக்கன் தனியாக நின்றுகொண்டிருந்தார். வீரமலை அவரிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லியிருந்தால் ஊரே நியாயம் என்றிருக்கும். ஆனால் அன்று அவருக்குக் கோபமே வரவில்லை. இத்தனை பேர் தன் நிலத்துக்காக நெருப்பில் இறங்கியிருக்கிற இடத்தில் எப்படிக் கோபப்படுவது? "நீயும் சாப்பிடு, மச்சான்" என்று கூப்பிட்டார். அடுத்த மாசியில் மூக்கன் தன் கொல்லையில் ஒரு மாவை எரிக்காமல் விட்டார். கேட்டவர்களிடம், "ஆள் கிடைக்கலை" என்று சொல்லிக்கொண்டார். அதற்கடுத்த வருஷம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்.

ரசூலுக்கு முசிறிக்கு மாற்றலாயிற்று. போன இடத்திலும் அவன் சும்மா இருக்கவில்லை. 1964-இல் தை மாதம், முசிறிப் பக்கத்து விவசாயிகள் கூட்டத்துக்கு வீரமலை வந்து பேச வேண்டும் என்று ஒரு கார்டு போட்டிருந்தான். மேடை ஏறிப் பேசுகிற வேலையெல்லாம் வீரமலை செய்ததே இல்லை. வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகும்போது வழி நெடுகக் காவிரியைப் பார்த்துக்கொண்டு, என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்தார். இறங்கும்போது எல்லாம் மறந்துபோயிற்று.

ஒரு பள்ளிக்கூடத்து மரத்தடியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரசூல் அவரைப் பற்றிப் பெரிதாகச் சொல்லி உட்கார்ந்தான். வீரமலை எழுந்தார்.

"சார் சொன்னது அவ்வளவும் சரியில்லைங்க" என்று தொடங்கினார். எல்லாரும் சிரித்தார்கள். "நான் யோசிச்சு எதுவும் பண்ணலை. ஒரு பொண்ணுக்கு மூச்சு முட்டுதுன்னு எரிக்காம விட்டது. அதுவும் நானா விடலை. என் வீட்டுல வத்திப்பெட்டியை எடுத்து ஒளிச்சு வெச்சிக்கிட்டா. நான் அவளைத் திட்டினேன். கேக்க வந்த அம்மாளையும் திட்டினேன். இந்தத் தம்பியையும் முதல்ல முறைச்சேன். இப்ப நினைச்சா எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோணுது. மண்ணு என்னை மன்னிச்சிருச்சு. அவங்களும் மன்னிச்சிட்டாங்க."

அப்புறம் சோகையை எப்படி ஒதுக்குவது, கையில் பழந்துணி சுற்றிக்கொள்வது, முதலில் பயிர் மஞ்சளானால் பயப்படாமல் புண்ணாக்கு கொடுப்பது, எல்லாவற்றையும் வேலையாளிடம் சொல்வதுபோலச் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "கரையான் வந்தா என்னங்க பண்றது?" என்று கேட்டார். "வரும். சோகையைக் கட்டையை ஒட்டிப் போடாம தள்ளிப் போடுங்க. ஈரம் இருந்தா அவ்வளவா அண்டாது" என்றார் வீரமலை. இன்னொருவர் எலியைப் பற்றிக் கேட்டார். "அதுக்கு எனக்கும் வழி தெரியலைங்க" என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான் கூட்டம் அவரை நன்றாகக் கேட்கத் தொடங்கியது.

திரும்பும்போது அவர்கள் ஒரு பெரிய பூவன் தாரைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் ஒரு டிக்கெட் போடட்டுமா, பெரியவரே?" என்றார்.

வீட்டு வாசலில் தாரை இறக்கியபோது பவுனம்மாள் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தாள்.

"என்னங்க பேசினீங்க?"

"உன்னைப் பத்தித்தான்."

"போதுமே! பொய்" என்றாள் பவுனம்மாள். ஆனாலும் அவள் முகம் சிவந்தது. தாரின் நடுச்சீப்பிலிருந்து நன்றாகப் பழுத்த பழமாகப் பார்த்துப் பிய்த்து அவர் கையில் கொடுத்தாள். "சாப்பிட்டுட்டு என்ன பேசினீங்கன்னு முதல்லேருந்து சொல்லுங்க."

வீரமலை உட்கார்ந்து, முசிறி பஸ் ஏறினதிலிருந்து ஆரம்பித்தார்.